சட்ட உதவி வழக்கறிஞர் நீதிபதியாவது எப்படி: தமிழ்நாட்டில் தொழில் செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சட்ட உதவி வழக்குகளை ஏற்று நடத்தும் இளம் வழக்கறிஞரைப் பார்த்து, “இதிலெல்லாம் நேரத்தைப் போக்கினால் எப்போது தொழிலில் நிற்பாய்?” என்று சீனியர்கள் கேட்பது நம் நீதிமன்ற வளாகங்களில் வழக்கமான காட்சி. வருமானத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் நீதிபதியாக வேண்டும் என்ற எண்ணம் உள்ளவருக்குச் சட்ட உதவிப் பணியைப் போன்ற பயிற்சிக்களம் வேறு எதுவும் கிடைக்காது என்பது என் உறுதியான கருத்து. கட்சிக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அங்கே நமக்கு இல்லை. இன்று கணவனால் கைவிடப்பட்ட பெண்ணுக்கும் நாளை திருட்டு வழக்கின் எதிரிக்கும் (குற்றம் சாட்டப்பட்டவருக்கும்) அதே அக்கறையோடு ஆஜராக வேண்டும். நீதிமன்றத்தில் என்ன நடக்கிறது என்பதே புரியாமல் கூண்டில் நிற்கும் மனிதனை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பும் அங்கேதான் கிடைக்கிறது. அந்த அனுபவத்தை எப்படிச் சேர்ப்பது, எந்த வழியாக நீதித்துறைப் பணிக்குள் நுழைவது, நுழைந்த பின் எந்தப் பழக்கத்தைக் கைவிடுவது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

பேனலில் இடம்பெறுதல்

ஏழ்மையின் காரணமாக எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்னும் அரசமைப்புச் சட்டத்தின் 39அ பிரிவு, 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டது. அதைச் செயல்படுத்த இயற்றப்பட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987, நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பர் 9 அன்று. அதன்படி மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் ஆணைக்குழுக்களும், வட்ட அளவில் சட்டப்பணிகள் குழுக்களும் இயங்குகின்றன. மாவட்ட ஆணைக்குழுவுக்கு மாவட்ட நீதிபதியே தலைவர். சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலேயே உதவி கிடைக்கும் என்பதால், ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலான பேனலில் உள்ளவரிடம் வரும் வழக்குகளின் வகையும் மிகப் பரந்தது.

பேனலில் சேர்வதற்குப் பொதுவாக மூன்றாண்டுத் தொழில் அனுபவம் வேண்டும் என்று தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 2010-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள் கூறுகின்றன. அதற்குக் குறைவான அனுபவம் உள்ளவர்கள், 2022-இல் வகுக்கப்பட்ட திட்டத்தின் கீழ் இயங்கும் எல்.ஏ.டி.சி.எஸ். (குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கான சட்ட உதவி வழக்கறிஞர் அமைப்பு) அலுவலகத்தில் உதவி வழக்கறிஞராகச் சேர முயலலாம். அங்கே துணைத் தலைமை வழக்கறிஞருக்கு ஏழு ஆண்டும் தலைமை வழக்கறிஞருக்குப் பத்து ஆண்டும் குற்றவியல் அனுபவம் தேவை. அது முழுநேர ஒப்பந்தப் பணி. அதில் இருக்கும்வரை சொந்தமாக வழக்குகளை எடுக்க முடியாது, குற்றவியல் வழக்குகளைத் தவிர வேறு எதுவும் கைக்கு வராது. உரிமையியல் நீதிபதி தேர்வை நோக்கிச் செல்பவருக்கு நான் பேனலையே பரிந்துரைப்பேன், ஏனென்றால் சொத்து, ஜீவனாம்சம், குடும்ப வன்முறை, விபத்து இழப்பீடு எனப் பலவகை வழக்குக் கட்டுகளும் அதில் வரும். மாவட்ட நீதிபதி பதவியை நேரடியாகக் குறிவைக்கும் அளவுக்கு ஆண்டுகளைக் கடந்தவருக்கு, செஷன்ஸ் விசாரணைகளை இடைவிடாமல் நடத்தித் தரும் எல்.ஏ.டி.சி.எஸ். பணி அதிகம் பயன்படும்.

ஒரு விஷயத்தில் தொடக்கத்திலிருந்தே கறாராக இருக்க வேண்டும். சட்ட உதவி பெறுபவரிடமிருந்து கட்டணமாகவோ அன்பளிப்பாகவோ எதையும் பெறக் கூடாது என்பது மேற்சொன்ன விதிகளிலேயே உள்ளது. “டைப்பிங் செலவுக்கு” என்று வாங்கும் சிறு தொகைகூட ஒரு புகாராக மாறிப் பின்னாளில் நடத்தைச் சரிபார்ப்பின்போது முன்னே வந்து நிற்கும்.

வழக்கை நடத்தும்போதே நீதிபதியாகப் பழகுதல்

ஞாயிற்றுக்கிழமை மாலை, குற்றவியல் நடுவரின் வீட்டு முன்கூடத்தில் ஒருவரைக் காவலர்கள் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் அவர் “ஆமாங்கய்யா” என்றே சொல்கிறார். வக்கீல் வேண்டுமா என்று கேட்டாலும் ஆமாம், அடித்தார்களா என்று கேட்டாலும் ஆமாம், அடிக்கவில்லையா என்றாலும் ஆமாம். ரிமாண்ட் வழக்கறிஞராக நீங்கள் அங்கே இருந்தால், பிணை மனுவைப் பற்றி யோசிப்பதற்கு முன் அவரைக் கூடத்தின் ஓரமாக உட்காரவைத்து, ஆமாம் இல்லை என்று பதில் சொல்ல முடியாத கேள்விகளைக் கேட்க வேண்டும். எந்த நேரத்தில், எந்த இடத்தில் பிடித்தார்கள். அப்போது கூட யார் இருந்தார்கள். வீட்டில் யாருக்குத் தகவல் போனது. சட்டையைக் கழற்றினால் உடம்பில் என்ன தெரிகிறது. எந்த ஆண்டு பள்ளியை விட்டார். கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு. ‘வயது 19’ என்று காவல்துறை எழுதியிருக்கும் பையன், கணக்குப் போட்டுப் பார்த்தால் 18 நிரம்பாதவனாக இருப்பான். அப்படியானால் அவன் நிற்க வேண்டிய இடம் இளைஞர் நீதிக் குழுமம்.

இப்படி உண்மையைப் பிரித்தெடுக்கும் பழக்கமே நீதிபதியின் முதல் கருவி. காவலில் வைக்கப்படுபவர் முதன்முதலாக நடுவர் முன் நிறுத்தப்படும்போதே இலவச சட்ட உதவிக்கான உரிமை தொடங்கிவிடுகிறது என்று பீகார் மாநிலக் காத்ரி வழக்கில் 1981-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த உரிமையைக் கைதி கேட்காததால் அது இல்லாமல் போய்விடாது என்று சுக் தாஸ் வழக்கில் 1986-இல் மேலும் தெளிவுபடுத்தியது. இவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்கள் பலர் உண்டு. “ஆமாங்கய்யா” என்ற அந்தக் குரலைக் கேட்டவருக்கு, கேட்காதவனின் உரிமை என்றால் என்னவென்று தனியாக யாரும் விளக்க வேண்டியதில்லை.

நான் எல்லா ஜூனியர்களிடமும் வற்புறுத்துவது ஒரு நோட்டுப் புத்தகத்தைத்தான். ஒவ்வொரு வழக்கிலும் சாட்சியம் முடிந்த அன்று இரவே, கட்சிக்காரரின் வக்கீல் என்பதை மறந்துவிட்டு, அந்த வழக்கின் தீர்ப்பை ஒரு பக்கத்துக்குள் எழுதிப் பாருங்கள். எழுவினாக்கள் (வழக்கில் முடிவு காண வேண்டிய கேள்விகள்) எவை, எதை யார் மெய்ப்பிக்க வேண்டும், எந்தச் சாட்சியம் நிற்கிறது, எது விழுகிறது, முடிவு என்ன என்று வரிசையாக எழுத வேண்டும். முதல் சில மாதங்களுக்கு ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் கட்சிக்காரரே வெற்றி பெறுவார். அதைக் கண்டு நீங்களே கூச்சப்படும் நாள் வரும்.

உதாரணமாக ஒரு ஜீவனாம்ச வழக்கை எடுத்துக்கொள்வோம். மனைவிக்காக நீங்கள் ஆஜராகிறீர்கள். கணவர் ஆட்டோ ஓட்டுபவர்; வண்டி வாடகை வண்டி என்கிறார், மாத வருமானமாக மிகக் குறைந்த தொகையைச் சொல்கிறார். குறுக்கு விசாரணையில் அவருடைய பெயரிலேயே வண்டிக்கடன் தவணை கட்டப்படுவதை வெளிக்கொண்டு வந்துவிட்டீர்கள். வழக்கறிஞராக அது வெற்றி. அன்றிரவு நோட்டில் எழுதும்போது வேறு கேள்விகள் எழும். தவணை கட்டியபின் அவர் கையில் மிஞ்சுவது எவ்வளவு? அவரை நம்பியிருக்கும் பெற்றோருக்கு எதை ஒதுக்குவது? மனைவி தையலில் சம்பாதிப்பதாக அவர் சொன்னதை நாம் மறுத்தோமே தவிர, பொய் என்று காட்டினோமா? இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதன் காரணம், இந்த நோட்டை எழுதும்போதுதான் முழுமையாகப் பிடிபடும். ஒரு தொகையை எழுதிக் கீழே கோடு போட்டுவிட்டு, அதற்கான காரணத்தை இரண்டு வாக்கியங்களில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அந்தத் தொகை ஊகம்.

மக்கள் நீதிமன்ற அமர்வுகளில் உறுப்பினராக உட்காரும் வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து இரு தரப்பையும் பார்ப்பது பேனல் வழக்கறிஞருக்கு முதன்முதலில் அங்கேதான் வாய்க்கிறது. அங்கே பிறப்பிக்கப்படும் தீர்வு உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மீது மேல்முறையீடும் கிடையாது. ஆகவே சமரசத்துக்கு ஒப்புக்கொண்ட ஒருவர் மனத்துடன்தான் ஒப்புக்கொண்டாரா, மாலைக்குள் ஊருக்குப் பஸ் பிடிக்க வேண்டும் என்பதற்காகத் தலையசைத்தாரா என்று கவனிக்கும் பொறுப்பு அங்கே உட்காருபவருக்கு உண்டு.

அனுபவத்துக்குச் சான்று

செய்த வேலைக்குச் சான்று வைத்துக்கொள்வதில் சட்ட உதவி வழக்கறிஞர்கள் பொதுவாக அலட்சியமானவர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு விண்ணப்பத்துக்காக நடத்திய வழக்குகளின் பட்டியல் தேவைப்பட்டபோது, ஐந்து ஆண்டுகளின் நியமனக் கடிதங்களில் பாதிகூட என்னிடம் இல்லை. இன்று அந்த அலட்சியத்துக்கு இடமில்லை. உரிமையியல் நீதிபதி பதவிக்குக் குறைந்தது மூன்றாண்டு வழக்கறிஞர் தொழில் அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை, அகில இந்திய நீதிபதிகள் சங்க வழக்கில் 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் கொண்டுவந்தது. தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்தே அனுபவத்தைக் கணக்கிடலாம் என்றும் அது கூறியது. அதற்கான சான்றிதழை, நீங்கள் தொழில் செய்யும் நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அலுவலர் தரலாம். அல்லது பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் தந்து, முதன்மை நீதித்துறை அலுவலர் மேலொப்பம் இடலாம்.

எனவே ஒவ்வொரு நியமனக் கடிதத்தையும் படி எடுத்து வையுங்கள். வழக்கு எண், நீதிமன்றம், ஆஜரான நாள், அன்று நடந்தது ஆகியவற்றைக் கொண்ட ஒரு பதிவேட்டை நாள்தோறும் எழுதுங்கள். வெறும் வாய்தா வாங்கிய நாளையும், சாட்சியை விசாரித்த நாளையும் பிரித்துக் காட்டுங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கறிஞர் பெயரைக் கொண்டு தேடினால் உங்கள் வழக்குகள் வரும் என்றாலும், பேனல் மூலம் நடத்திய பல வழக்குகளில் பெயர் பதிவாகாமலே போயிருக்கும். வக்காலத்து தாக்கல் செய்யும் அன்றே அதைச் சரிபார்ப்பது நல்லது.

எந்த வாசல் வழியாக

முதல் வாசல் உரிமையியல் நீதிபதி பதவி. தமிழ்நாடு மாநில நீதித்துறைப் பணி விதிகள், 2007-இன் கீழ், அரசுப் பணியாளர் தேர்வாணையம் இதற்கான தேர்வை நடத்திவருகிறது. முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்முகத் தேர்வு என மூன்று கட்டங்கள். முதன்மைத் தேர்வில் மொழிபெயர்ப்புத் தாள் ஒன்றும் சட்டத் தாள்கள் மூன்றும் உள்ளன. வயது வரம்பு பிரிவுக்குப் பிரிவு மாறுவதால் அந்தந்த ஆண்டின் அறிவிக்கையையே பார்க்க வேண்டும். பயிற்சி மையங்களின் துண்டறிக்கையை நம்பி யாரும் வயதைக் கணக்கிட வேண்டாம்.

சட்டத் தாள்களில் எழுவினா வனைதல், குற்றச்சாட்டு வனைதல், தீர்ப்பு எழுதுதல் ஆகியவை கேட்கப்படுகின்றன. மேலே சொன்ன நோட்டுப் புத்தகத்தை மூன்று ஆண்டு எழுதியவருக்கு இவை பயமளிக்காது. எல்லோரும் அலட்சியப்படுத்துவது மொழிபெயர்ப்புத் தாளை. தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது, மேல்முறையீட்டில் அது ஆங்கிலத்துக்குப் போகிறது. இடையில் ஒரு வினைச்சொல் நழுவினால் ஒருவரின் தண்டனையே மாறும். “கையை ஓங்கிக்கிட்டு வந்தார்” என்று சாட்சி சொன்னதை அடித்ததாக மொழிபெயர்த்தால், இல்லாத ஒரு காயத்துக்குக் காரணம் தேட வேண்டியிருக்கும். “பார்த்தேன்” என்பதற்கும் “பார்த்தாங்க” என்பதற்கும் இடையில் நேரடிச் சாட்சியமும் கேள்விச் சாட்சியமும் பிரிகின்றன. ஆகவே நீங்கள் நடத்திய வழக்கின் சாட்சியங்களையே வாரத்துக்கு இரண்டு பக்கம் இருபுறமும் மொழிபெயர்த்துப் பழகுங்கள். அச்சிட்ட மாதிரி வினாத்தாள்களைவிட இது பலன் தரும், ஏனென்றால் அந்தச் சாட்சி எதைச் சொல்ல வந்தார் என்பது உங்களுக்குத் தெரியும்.

இரண்டாம் வாசல் மாவட்ட நீதிபதி பதவிக்கான நேரடித் தேர்வு. அரசமைப்புச் சட்டத்தின் 233(2) பிரிவின்படி ஏழு ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும். அந்தப் பணியிடங்களில் 25 சதவீதம் இவ்வாறு நேரடியாக நிரப்பப்படுகிறது. விண்ணப்பிக்கும் நாளிலும் வழக்கறிஞராகத் தொடர்ந்துகொண்டிருக்க வேண்டும் என்று தீபக் அகர்வால் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், இடையில் வேறு வேலைக்காகப் பார் கவுன்சில் பதிவை நிறுத்திவைப்பவர்கள் இருமுறை யோசிக்க வேண்டும். 2025 அக்டோபரில் ரஜனிஷ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வழக்கறிஞராகவும் நீதித்துறை அலுவலராகவும் சேர்த்து ஏழு ஆண்டு கண்டவர்களும் இந்த நேரடித் தேர்வில் போட்டியிடலாம் என்றும், குறைந்தபட்ச வயது 35 என்றும் தீர்ப்பளித்தது. உரிமையியல் நீதிபதியாக நுழைந்தவருக்கு மாவட்ட நீதிபதி பதவி வெகுதொலைவில் இருந்த நிலையை இது மாற்றிவிட்டது. அதனால் இளம் வயதினர் முதல் வாசலிலேயே முயல்வதில் இன்று இழப்பு எதுவும் இல்லை.

மூன்றாவது, உயர் நீதிமன்றம். பத்தாண்டு அனுபவம் என்பது 217-ஆவது பிரிவு கூறும் தகுதி மட்டுமே. மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியம் பரிந்துரைக்க வேண்டும். இதற்குத் திட்டமிட முடியாது, திட்டமிடவும் கூடாது. தலச்சேரியில் தொழில் செய்து, கேரள உயர் நீதிமன்றம் வழியாக 1973-இல் உச்ச நீதிமன்றம் சென்ற வி.ஆர்.கிருஷ்ணய்யர்தான் அதே ஆண்டு வெளிவந்த சட்ட உதவிக் குழு அறிக்கைக்குத் தலைமை வகித்தவர். ஹோஸ்காட் வழக்கில் 1978-இல் மேல்முறையீட்டுக்கும் சட்ட உதவி உரிமை உண்டு என்று எழுதியவரும் அவரே. சென்னையில், காவலில் இறந்த ராஜாக்கண்ணுவுக்காக 1993-இல் வழக்காடிய கே.சந்துரு, 2006-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகி 2013-இல் ஓய்வு பெற்றார். ஏழைகளுக்காக நின்றதால் எவருக்கும் உயர் பதவியின் கதவு மூடிவிடாது என்பதற்கு இவ்விருவரையும் சான்றாகக் காட்டலாம், அவ்வளவே.

நேர்முகத் தேர்வைப் பற்றி ஒன்று மட்டும். “இத்தனை ஆண்டு எதிரிகளுக்காகவே ஆஜரானீர்கள், அரசுத் தரப்பை நடுநிலையோடு பார்ப்பீர்களா?” என்ற கேள்வி ஏதோ ஒரு வடிவத்தில் வரும். கொள்கை முழக்கம் வேண்டாம். உங்கள் கட்சிக்காரருக்கு எதிராக வந்த ஒரு தீர்ப்பு ஏன் சரியானது என்று உங்களுக்குப் பட்டதை, அந்த வழக்கின் சாட்சியத்தோடு சொல்லுங்கள்.

பதவிக்கு வந்தபின்

தேர்வு பெற்றவருக்கு மாநில நீதித்துறைப் பயிலகத்தில் பயிற்சி உண்டு. மேற்சொன்ன 2025 மே மாதத் தீர்ப்பு, நீதிமன்றத்தில் அமர்வதற்கு முன் ஓராண்டுப் பயிற்சி கட்டாயம் என்றும் கூறுகிறது. ஊதியத்தைப் பொறுத்தவரை, இரண்டாவது தேசிய நீதித்துறை ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி உரிமையியல் நீதிபதியின் தொடக்க அடிப்படை ஊதியம் 77,840 ரூபாய். பேனல் கட்டணத்துக்காக மாதக்கணக்கில் பில் போட்டுக் காத்திருந்தவருக்கு இது வேறு உலகமாகத் தெரியும்.

கடினமான பகுதி இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அரசுத் தரப்பு சாட்சி தடுமாறும்போது, அடுத்த கேள்வி எது என்று உங்களுக்குத் தெரியும். எதிரியின் வக்கீலோ அதைக் கேட்காமல் உட்கார்ந்துவிடுவார். வாயைத் திறந்து அதை நீங்களே கேட்கத் தூண்டும் அந்த நிமிடத்தில்தான் பழைய வக்கீல் உங்களுக்குள் எழுந்து நிற்கிறார். தெளிவுக்காகச் சாட்சியிடம் கேள்வி கேட்கும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு. ஒரு தரப்பின் குறுக்கு விசாரணையைத் தானே நடத்திக் கொடுக்கும் அதிகாரம் இல்லை. எல்லை எங்கே என்பதைக் கண்டுகொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு: இதே தடுமாற்றம் எதிர்த்தரப்பு சாட்சிக்கு நேர்ந்திருந்தால் இதே கேள்வியைக் கேட்டிருப்பேனா? இதற்கு நேர்மாறான ஆபத்தும் இருக்கிறது. ஒருதலைப்பட்சமானவர் என்ற பெயர் வந்துவிடுமோ என்று அஞ்சி, பிணையில் விட வேண்டியவரையும் விடாமல் இருக்கும் முன்னாள் சட்ட உதவி வழக்கறிஞர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறித்துத்தான் எனக்கு வருத்தம் அதிகம்.

நீங்கள் எந்தக் கட்டத்திலாவது ஆஜரான வழக்கு உங்கள் முன் வந்தால், அது வெறும் ரிமாண்ட் ஆஜராக இருந்தாலும், வேறு நீதிமன்றத்துக்கு மாற்றக் கோரி மாவட்ட நீதிபதிக்கு எழுதிவிடுங்கள். அப்போது பழைய பதிவேடு மீண்டும் கைகொடுக்கும்; பணியேற்கும் முன் கைமாற்றிக் கொடுத்த கட்டுகளின் பட்டியலையும் அதோடு சேர்த்து வைத்திருப்பது நல்லது.

சில ஆண்டுகளுக்குப் பின் சார்பு நீதிபதியாகப் பதவி உயர்ந்தால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளராக நியமிக்கப்படவும் கூடும். அந்த நாற்காலியின் முன் ஒரு காலத்தில் நியமனக் கடிதத்துக்காக நின்றவருக்கு அங்கே எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்கும். பிணை கிடைத்தும் ஏழு நாளுக்குள் வெளியே வராத கைதிகளின் விவரத்தைச் சிறைக் கண்காணிப்பாளர் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒரு மாதத்துக்குள் ஜாமீன் பத்திரம் தர முடியாதவர்களின் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே பரிசீலிக்கலாம் என்றும் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. அந்தப் பட்டியல் மேசைக்கு வரும்போது பெயர்களை மட்டும் படித்துவிட்டுக் கையொப்பமிடாமல், ஒவ்வொருவரும் ஏன் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று எழுதிவரப் பேனல் வழக்கறிஞர் ஒருவரைச் சிறைக்கு அனுப்புங்கள். இரண்டு ஜாமீன்தாரர்கள் கிடைக்கவில்லை என்பதுதான் பெரும்பாலான பெயர்களுக்கு எதிரே எழுதப்பட்டு வரும். அதைப் பார்த்தபின் நீங்கள் விதிக்கும் பிணை நிபந்தனைகள் எப்படி இருக்க வேண்டும் என்பதை, மறுபடியும் நீதிமன்றத்தில் அமரும் நாளில் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.